ஞானமுத்து சாரின் புறங்கை

காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டு வந்த எந்தப் பிள்ளையையும் ஞானமுத்து ஐந்து விநாடிக்கு மேல் நிறுத்தி வைத்ததில்லை. பசுமலையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் பி.டி. மாஸ்டர்; பத்தொன்பது வருட சர்வீஸ். விசில் கயிறு சுற்றிய வலது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, இடது புறங்கையைப் பிள்ளையின் நெற்றியில் வைப்பார். கண்ணை லேசாக மூடுவார். தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு ஏதோ சுகமளிக்கும் ஜெபக் கூட்டம் நடக்கிற மாதிரி இருக்கும். பிறகு தீர்ப்பு வரும்.

"காய்ச்சலும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. ஓடு கிரவுண்டுக்கு."

சுகம் கிடைத்ததோ இல்லையோ, பிள்ளை ஓடிவிடும்.

அந்தக் கைமேல் அவருக்கு இருந்த நம்பிக்கை சாமானியமானதல்ல. தெர்மாமீட்டர் என்பது கை இல்லாதவர்களுக்காகக் கண்டுபிடித்த சாமான் என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார். மற்ற வாத்தியார்களும் சந்தேகக் கேஸ்களை அவரிடமே அனுப்பிவைப்பார்கள். அவர் மனைவி எஸ்தர் ஒருத்திதான் இதில் மயங்காதவள். இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். எதையும் அடியில் உள்ள பொடி எழுத்து வரை படித்துப் பார்க்கிற ஆள்.

"உங்ககிட்ட வர்ற பத்துப் பிள்ளையில ஒம்போது பொய் சொல்லுது. அப்ப பத்துப் பேரையும் பொய்யின்னு சொன்னா யாருக்கும் தொண்ணூறு மார்க் வரும். அதுக்கு எதுக்குங்க கை?" என்று ஒருமுறை கேட்டாள்.  வசதியான கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்வது ஞானமுத்துவின் வழக்கம்.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்போர்ட்ஸ் டேக்கான பயிற்சி நடந்துகொண்டிருந்தது. காலையிலிருந்தே ஞானமுத்துவுக்கு உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. ஹர்டில்ஸ் கட்டைகளைத் தூக்கி வைத்த வலி என்று நினைத்துக்கொண்டார். வாய் கசந்தது; அது பள்ளிக்கூட கேண்டீன் காபியின் வேலை என்று நினைத்துக்கொண்டார். மத்தியானம் மூன்று பிள்ளைகள் காய்ச்சல் என்று வந்தார்கள். மூன்று நெற்றியும் மோர்ப்பானை மாதிரி சில்லென்று இருந்தன. இம்புட்டுக் குளிர்ச்சியாக வந்து நின்றுகொண்டு காய்ச்சல் என்று சொல்ல எம்புட்டுத் தைரியம் வேண்டும் என்று அவருக்குக் கோபம்கூட வந்தது. மூன்று பேருக்கும் ஆளுக்கு நாலு சுற்று ஓட்டம் கொடுத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. விடிந்து எட்டு மணிக்குப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த எஸ்தர், கையை உதறியபடி ஹாலுக்கு வந்து மகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். மகள் பெயர் ஆன்சி. நாலரை வயது. சாதாரணமாக அந்த நேரத்தில் அந்த வீட்டில் ஒரு சின்ன யுத்தம் நடக்கும்: இட்லி வேண்டாம், செல்போன் வேண்டும், பல் விளக்கமாட்டேன், ஜட்டி போடமாட்டேன். இன்றைக்கு அவள் சோபாவில் ஒரு ஓரமாகச் சுருண்டு, இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பாப்பாவுக்கு மேலு சுடுது."

ஞானமுத்து எழுந்துவந்தார். எழும்போது தரை கொஞ்சம் சாய்ந்த மாதிரி இருந்தது. புறங்கையை மகள் நெற்றியில் வைத்தார், கண்ணை மூடினார்.

"சில்லுனுதான் இருக்கா. ஒண்ணுமில்ல."

"சுடுதுங்க. நல்லாத் தொட்டுப் பாருங்க."

"எஸ்தர், நீ இப்பத்தான பாத்திரம் கழுவின? தண்ணிக்குள்ள கிடந்த கையி எதத் தொட்டாலும் சுடத்தான் செய்யும். இது சயின்ஸ்."

சயின்ஸ்தான். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எஸ்தரும் ஒரு நிமிடம் யோசித்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, பத்து நிமிடம் உட்கார்ந்து, கை காய்ந்து சாதாரணமான பிறகு மறுபடி தொட்டாள். மறுபடி சுட்டது.

"காலையிலருந்து ஒரு தடவகூட அடம் பிடிக்கல, கவனிச்சீங்களா?"

"வளர்ப்பு அப்படி" என்றார் ஞானமுத்து.

எஸ்தர் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு முத்துத்தாயைக் கூப்பிட்டாள். முத்துத்தாய்க்கு மூன்று பிள்ளைகள். மூன்றையும் காய்ச்சலில் பார்த்தவள். அடுப்பில் தோசை வார்த்துக்கொண்டிருந்தவள் கரண்டியோடு ஓடிவந்தாள். கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் ஆன்சியைத் தொட்டாள்.

"இல்லையே எஸ்தரு, நல்லாத்தான இருக்கு. பச்சப்புள்ள மேலு கதகதண்டுதான் இருக்கும்."

"ரெண்டுக்கு ஒண்ணு" என்றார் ஞானமுத்து, மேட்ச் ஸ்கோர் சொல்கிற குரலில்.

"அக்கா, நீங்க அடுப்படியிலருந்து வாரீங்க" என்று எஸ்தர் ஆரம்பித்தாள். அதற்குள் முத்துத்தாய், எதற்கும் இருக்கட்டும் என்று கொடியில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்து ஆன்சிக்குப் போட்டு, மேலே ஒரு கம்பளியையும் சுற்றிவிட்டாள். செப்டம்பர் மாத மதுரையில், ஃபேன் காற்றே சுடச்சுட வருகிற நேரத்தில், ஆன்சி கம்பளிக்குள்ளிருந்து முகத்தை நீட்டி மூச்சு வாங்கினாள். அதற்கும் அவள் அழவில்லை.

அந்த நேரத்துக்கு முத்துத்தாயின் புருஷன் காசிமாயன் வந்து சேர்ந்தான். பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறவன். விடியுமுன்னே போய் எட்டரை மணிக்கெல்லாம் அன்றைய வேலையை முடித்துவிடுவான். அவனும் ஞானமுத்துவும் பத்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்ச். கையில் ஒரு சுரைக்காயைப் பிடித்துக்கொண்டு, தோசை தீய்கிற வாசனையைத் தேடிக்கொண்டு வந்தவன், இங்கே கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

"அண்ணே, நீங்க தொட்டுப் பாருங்க" என்றாள் எஸ்தர்.

"என் கையக் கேக்காதம்மா. மூட்ட தூக்கித் தூக்கித் தோலு மரத்துப்போச்சு. நெருப்பத் தொட்டாலே அஞ்சு நிமிசம் கழிச்சுத்தான் எனக்குச் சேதி வரும்."

ஆக, ஒரு வீட்டில் எட்டுக் கை இருந்தும் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. எஸ்தர் மருந்து டப்பாவைக் கவிழ்த்தாள். பழைய பாதரச தெர்மாமீட்டரின் மூடி மட்டும் இருந்தது. உடம்பு எப்போதோ உடைந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தது. பட்டனை அமுக்கினால் மூச்சு விடவில்லை. போன மாதம் ஆன்சி டாக்டர் விளையாட்டு விளையாடி, வீட்டிலிருந்த பொம்மைகள், தலையணைகள், ஒரு பூனை எல்லாவற்றுக்கும் காய்ச்சல் பார்த்து பாட்டரியைத் தீர்த்திருந்தாள்.

"ஃப்ரிட்ஜ் மேல கன்னு இருக்குல்ல?" என்றார் ஞானமுத்து.

அது கொரோனா காலத்தில் காய்ச்சல் பார்த்த துப்பாக்கி. பள்ளிக்கூட வாசலில் நின்று ஒரு நாளைக்கு அறுநூறு நெற்றியைச் சுட்டுத்தள்ளிய காலத்தின் மிச்சம். வேண்டாத சாமான்களோடு தூக்கிப் போடப் போனதை அவர் வீட்டுக்கு எடுத்துவந்திருந்தார். அதை ஆன்சியின் நெற்றிக்கு நேரே பிடித்துச் சுட்டார். பச்சை வெளிச்சத்தில் செல்சியஸ் எண் வந்தது. முப்பத்தாறு புள்ளி நாலு.

"நார்மல்!" என்றார். "பாத்தியா? என் கையும் அதத்தான் சொல்லுச்சு."

 காசிமாயன் துப்பாக்கியை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். அவன் வியாபாரி, தராசை நம்புவதற்கு முன்னால் தராசையே நிறுத்துப் பார்க்கிற சாதி. கையிலிருந்த சுரைக்காயை மேஜைமேல் வைத்து அதன் நெற்றிக்கு நேரே, சுரைக்காய்க்கு எது நெற்றியோ அந்த இடத்தில், ஒரு சூடு சுட்டான்.

முப்பத்தாறு புள்ளி நாலு.

"மாப்ள, சுரைக்காயும் சௌக்கியமா இருக்கு."

அடுத்துச் சுவரைச் சுட்டான். முப்பத்தாறு புள்ளி மூணு. சர்ச் காலண்டரைச் சுட்டான். முப்பத்தாறு புள்ளி அஞ்சு. "காலண்டருக்குத்தான் லேசா கணகணண்டு இருக்கு. என்னாண்டு பாரு."

முத்துத்தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஞானமுத்துவுக்குச் சுருக்கென்றது. அறுநூறு நெற்றிகள், இரண்டு வருடங்கள், எல்லாமே சுரைக்காய்க் கணக்குத்தானா என்று ஒரு நொடி மனதில் ஓடியது. அதை வெளியே காட்டாமல், "கொடுடா அத" என்று துப்பாக்கியைப் பிடுங்கினார். பிடுங்கியபோது அவர் கை காசிமாயன் கைமேல் பட்டது.

காசிமாயன் துள்ளிவிட்டான்.

"ஏ மாப்ள! என்னாடா இது, கையா தோசக்கல்லா?"

ஐந்து நிமிடம் ஆகவில்லை. அந்த மரத்த தோலுக்கே சேதி உடனே போய்ச் சேர்ந்துவிட்டது. எஸ்தர் எட்டிப் புருஷனின் கழுத்தைத் தொட்டாள். "ஐயோ ஏசப்பா" என்று கையை இழுத்துக்கொண்டாள். முத்துத்தாய் தொட்டுவிட்டு, "அண்ணே, ஒங்க மேல தோசையே ஊத்தலாம்" என்றாள்.

"ச்சே, வெயில்ல நின்ன சூடு" என்றார் ஞானமுத்து. அவர் இன்னும் வெயிலுக்கே போகவில்லை. மற்றவர்கள் சொல்வதை ஒத்துக்கொள்ள மனமில்லாமல் தன் புறங்கையைத் தன் நெற்றியிலேயே வைத்துக் கண்ணை மூடினார். மற்ற மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"நார்மலாத்தான் இருக்கு."

"கொதிக்கிற கைய வச்சுக் கொதிக்கிற நெத்தியப் பாத்தா நார்மலாத்தாங்க இருக்கும்!" எஸ்தரின் குரல் உடைந்துவிட்டது. "காலையிலருந்து என்னைத்தான் சயின்ஸ் தெரியாதவளாக்கிட்டு இருந்தீங்க."

  சோபாவில் கம்பளிக்குள் கிடந்த மகளை அப்போதுதான் ஞானமுத்து பார்த்தார். காலையில் தொட்டிருந்தார், பார்க்கவில்லை. கன்னம் சிவந்து கிடந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது. கண் பாதி மூடியிருந்தது. கம்பளிக்கு வெளியே நீட்டியிருந்த இரண்டு பாதமும் வெளிறிப்போயிருந்தன. 

எஸ்தர் கம்பளியை உருவி எறிந்தாள். ஸ்வெட்டரைக் கழற்றினாள். காசிமாயன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்த் தெருமுனை மெடிக்கலில் புது தெர்மாமீட்டர் வாங்கிவந்தான். எல்லோரும் அவசரப்பட, எஸ்தர் மட்டும் டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து நின்றபடியே முழுசாகப் படித்தாள்.

"அக்குள்ல வேர்வ இருக்கக் கூடாதாம். துணி குடுங்க." துடைத்தாள். "முனை நடுக்குழியில இருக்கணும். கைய மடக்கி ஒட்டிப் பிடிக்கணும். பீப்னு சத்தம் வர்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

"பீப் எப்பம்மா வரும்?" என்று ஆன்சி கேட்டாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"இந்தா வந்துரும் தங்கம்."

வந்தது. நூற்றிரண்டு புள்ளி ஆறு.

 எஸ்தர் அதைத் துடைத்துவிட்டுப் புருஷனிடம் நீட்டினாள். அவர் சட்டைக்குள் கைவிட்டுச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். நூற்று மூன்று புள்ளி ஒன்று.

"மாப்ளதான் ஃபர்ஸ்டு" என்றான் காசிமாயன். ஆனால் சொல்லும்போதே வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான்.

காசிமாயனின் வண்டி, ஊரில் குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி. முன்னால் எஸ்தரும் மடியில் ஆன்சியும். பின்னால், காலித் தக்காளிப் பெட்டிகளுக்கும் நாலு மூட்டைச் சாக்குக்கும் நடுவே பி.டி. மாஸ்டர். திருப்பரங்குன்றம் ரோட்டில் வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போதும் அவருடைய எலும்புகள் தனித்தனியாகப் பெயர் சொல்லி ஆஜர் கொடுத்தன. சிக்னலில் நின்றபோது சைக்கிளில் வந்த இரண்டு பையன்கள் அட்டென்ஷனில் நின்று "குட் மார்னிங் சார்" என்றார்கள். ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தபடியே அவரும் தலையை ஆட்டிவைத்தார். அந்தக் காட்சி திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கூடம் முழுவதும் போய்ச் சேரும் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பற்றிக் கவலைப்பட உடம்பில் தெம்பில்லை.

குழந்தைகள் கிளினிக்கில் முன்னால் ஒன்பது பேர். எஸ்தர் டோக்கன் வாங்கப் போனபோது ஆன்சியை அவர் மடியில் விட்டுப் போனாள். ஆன்சி அவர் நெஞ்சில் கன்னத்தை வைத்துச் சாய்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து முனகினாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"அம்மா தொட்டா ஐஸ் மாரி இருக்கு. முத்துத்தாய் அத்த தொட்டாலும் என்னமோ பண்ணுது. உங்க மேல சாஞ்சா மட்டும் ஒண்ணுமே தெரியலப்பா."

அவர் அவள் தலையைத் தடவினார். அந்தத் தலை அவர் கைக்கு இன்னும் சாதாரணமாகத்தான் இருந்தது. கொதிக்கிறது என்று மனைவி சொல்கிறாள், நூற்றிரண்டு என்று எழுத்தே வந்துவிட்டது, கை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பத்தொன்பது வருடமாக இந்தக் கையைத் தூக்கிக்கொண்டுதானே திரிந்தோம் என்று நினைத்துக்கொண்டார். 

டாக்டர் பவதாரிணி முப்பது வயதுக்குள்தான் இருப்பார். பேச்சு வேகம், கண் அதைவிட வேகம். ஆன்சியின் வாயைத் திறந்து பார்த்தார், காதுக்குள் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார்.

"எப்பலருந்து காய்ச்சல்?"

"காலையில எட்டு மணிக்கே எனக்குத் தெரிஞ்சுது டாக்டர். ஆனா கையில பாத்ததுல ஒரு குழப்பம்" என்றாள் எஸ்தர்.

"யாரு கையில?"

எஸ்தரும், கதவருகே நின்ற காசிமாயனும் ஒரே நேரத்தில் ஞானமுத்துவைப் பார்த்தார்கள். டாக்டர் அவரைக் கூப்பிட்டு, யானைப் படம் போட்ட விரிப்பு விரித்த சின்னக் கட்டிலில் உட்காரச் சொன்னார். ஆறடி மனிதர் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தார். டாக்டர் அவரையும் பார்த்தார். நடந்ததை எஸ்தர் சொல்லச் சொல்ல, டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தே விட்டார்.

"சார், உங்க கை ஐ.எஸ்.ஐ. முத்திர வாங்கினதா?"

"ஸ்கூல்ல... ஒரு பழக்கம் டாக்டர்."

"இன்னையோட லைசென்ஸ் ரத்து. கையில தொட்டா சந்தேகம் வரலாம்; தீர்ப்பு சொல்லக் கூடாது. உங்க ஒய்ஃபுக்குத் தெர்மாமீட்டர் இல்லாமலே எப்படித் தெரிஞ்சது? பிள்ள அடம் பிடிக்கல. சாப்பிடல. அதப் பாத்தாங்க. அதுதான் மொதல்ல பாக்கணும். தண்ணி குடிக்கிதா, ஒண்ணுக்குப் போகுதா, கூப்பிட்டா முகம் குடுக்குதா. நம்பர் அதுக்கு அப்புறம்." மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே அடுத்ததற்குப் போனார். "போர்த்தி வைக்காதீங்க. ஐஸ் தண்ணியும் வேண்டாம். மெல்லிசா ஒரு சட்ட, குடிக்க ஏதாவது, எடைக்குத் தக்க மருந்து. சும்மா சும்மா குடுக்காதீங்க, நான் எழுதின நேரத்துக்குத்தான். ரத்தம் எடுத்துப் பாத்துருவோம், இது டெங்கு சீசன். மூணு நாள்ல எறங்கலன்னாலும், பிள்ள சோர்ந்து விழுந்தாலும், வயித்துவலி, வாந்தின்னாலும் ஒடனே தூக்கிட்டு வாங்க. எந்தக் கையையும் கேக்காதீங்க."

அவர்கள் எழுந்து போகிற நேரத்தில் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "ஸ்கூல்ல யாருக்காவது காய்ச்சல் இருந்துதா சார்? நீங்க ரெண்டு பேரும் ஒரே எடத்துலருந்து வாங்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

"இல்ல டாக்டர், யாருக்கும் இல்..." என்று ஆரம்பித்த ஞானமுத்து பாதியில் நின்றுவிட்டார். மூன்று மோர்ப்பானைகள் ஞாபகத்துக்கு வந்தன.

ரத்தம் கொடுத்துவிட்டு வெளியே வந்தவர், பள்ளிக்கூட வகுப்பாசிரியர்களுக்கு போன் போட்டார். இரண்டு பையன்கள் அன்றைக்குக் காலையில் டியூஷனுக்கே வந்து போயிருக்கிறார்கள். அவர்கள் உண்மையிலேயே டூப். மூன்றாவது, ஒன்பதாம் வகுப்பு தாமரைச்செல்வி. சோழவந்தானிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளை. நானூறு மீட்டரில் மாவட்ட அளவில் ஓடுகிறவள். இதுவரை ஒருநாளும் காய்ச்சல் என்று வந்து நின்றதில்லை. நெற்றியில் ஒருமுறை கையை வைத்தால் போதும் என்று இருந்த ஞானமுத்து, அதை மட்டும் யோசித்துப் பார்க்கவில்லை. அவள் அம்மா ராக்கம்மாளின் நம்பரை வாங்கி அழுத்தினார். காசிமாயன் பக்கத்தில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

ராக்கம்மாள் வெற்றிலைக் கொடிக்காலில் வேலையாக இருந்தாள். யார் பேசுவது என்று தெரிந்ததும் ஆரம்பித்தாள். 

"யாரு, பி.டி. வாத்தியாரா? நீங்களே கூப்பிட்டீங்களா? நல்லதாப் போச்சு, திங்கக்கெழம நேர்ல வரலாம்டுதான் இருந்தேன். எம்மக காய்ச்சல்ண்டு வந்து நின்னதுக்கு, வேகாத வெயில்ல நாலு சுத்து ஓடவிட்டீங்களாமே? நீங்க பெத்த புள்ளயா இருந்தா ஓடவிடுவீங்களா? பஸ்ஸுல ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டு வந்துருக்கு. ஆசுபத்திரியில வச்சுப் பாத்தா நூத்தி ரெண்டு. ஏன் வாத்தியாரே, ஒங்களுக்குக் கையி இருக்கா, இல்ல அகப்பைய மாட்டிவிட்டிருக்கா?"

அதற்குப் பிறகு அவள் சொன்னவை அச்சில் போடத் தக்கவை அல்ல. ஞானமுத்து போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். அப்போதும் நன்றாகக் கேட்டது. காசிமாயன் இளநீர் ஸ்ட்ராவை வாயில் வைத்தபடியே, வீச்சு சரியாக விழுகிற இடங்களில் தலையை ஆட்டி ரசித்தான்.

"தப்புத்தாம்மா" என்றார் ஞானமுத்து, அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது. "எனக்கே நேத்துக் காய்ச்சல் இருந்திருக்கு. தெரியாம அந்தக் கைய வச்சுப் பாத்துட்டேன். எம்மகளுக்கும் இப்படித்தான் சொல்லிப்புட்டேன். இப்ப ரெண்டு பேரும் ஆசுபத்திரியில இருக்கோம். மன்னிச்சிருங்க."

ராக்கம்மாளின் குரல் இறங்கியது.

"புள்ளைக்கு எப்படி இருக்கு?"

"நூத்தி ரெண்டரை. மருந்து குடுத்துருக்காக. தாமர எப்படி இருக்கா?"

"எறங்கிருச்சு. கஞ்சி குடிச்சுட்டுப் படுத்துருக்கா." பிறகு கேட்டாள்: "ஒங்களுக்கு எம்புட்டு?"

"நூத்தி மூணு."

"அப்படியா. போயி நாலு சுத்து ஓடிட்டு வந்து படுங்க, சரியாப் போயிரும்" என்று போனை வைத்துவிட்டாள்.

காசிமாயனுக்குப் புரையேறிவிட்டது. அவன் முதுகில் தட்டிவிடக் கைதூக்கிய ஞானமுத்து, அந்தக் கையைப் பார்த்தார், வேண்டாம் என்று கீழே போட்டுவிட்டார்.

ரத்தத்தில் டெங்கு இல்லை. சாதாரண வைரஸ் காய்ச்சல். இருந்தாலும் மூன்று நாள் வீடே ஆஸ்பத்திரியானது. ஒரே கட்டிலில் அப்பாவும் மகளும் படுத்திருந்தார்கள். எஸ்தர் லீவு போட்டுவிட்டு, எத்தனை மணிக்கு எவ்வளவு இருந்தது, எப்போது மருந்து, எவ்வளவு தண்ணீர் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினாள். முத்துத்தாய் காலையிலும் மாலையிலும் ரசம் கொண்டுவந்தாள். கம்பளி என்ற பேச்சையே எடுக்கவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் ஆன்சி எழுந்து உட்கார்ந்து, ரசம் வேண்டாம், பரோட்டாவும் சால்னாவும் வேண்டும் என்று தரையில் புரண்டாள். எஸ்தர் அடுக்களைக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்காமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஞானமுத்துவுக்கு இன்னும் மூன்று நாள் ஆனது. படுத்திருந்த நேரத்தில் அவருக்குப் பழைய முகங்கள் வந்துவந்து போயின. பத்தொன்பது வருடத்தில் எத்தனை பேர்? ஒன்பது பொய்க்கு ஒரு மெய் என்றாலும், அந்த ஒன்றுகளை எல்லாம் சேர்த்தால் ஒரு வகுப்பு நிறையும். அவர்களில் யாரையும் இனிக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க முடியாது. பாதிப் பேர் பெயர்கூட நினைவில்லை. ஒருவேளை அவர்களுக்கு நினைவிருக்கலாம். புரண்டு படுத்தார். எஸ்தரிடம் இதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். "கைய ஒட்டிப் பிடிங்க" என்று அவள் தெர்மாமீட்டரைச் செருகிவிட்டாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் போனபோது மூன்று புதுத் தெர்மாமீட்டர்களை வாங்கிக்கொண்டு போனார். பி.டி. ரூமில் ஒரு டம்ளரில் பேனா மாதிரி நிறுத்திவைத்தார். முதல் ஆளாகத் தாமரைச்செல்வி வந்தாள். காய்ச்சலுக்காக அல்ல.

"சார், நாலு சுத்து ஓடிட்டீங்களாண்டு எங்கம்மா கேட்டுட்டு வரச் சொன்னுச்சு."

"ரெண்டு ஓடிட்டேன், மிச்சம் அடுத்த வாரம்ண்டு சொல்லு" என்றார். அவள் சிரித்துக்கொண்டே கிரவுண்டுக்கு ஓடிப்போனாள். அவளுக்கு அந்த வாரம் முழுக்கப் பயிற்சி கிடையாது என்று சொல்லியிருந்தார், அவள் கேட்கவில்லை.

அந்த வாரத்தில் காய்ச்சல் என்று வந்த பிள்ளைகளை முதலில் நாற்காலியில் உட்காரவைத்தார். சாப்பிட்டியா, தண்ணி குடிச்சியா, தலை வலிக்குதா என்று கேட்டார். பிறகுதான் தெர்மாமீட்டர். இரண்டு பேருக்கு உண்மையிலேயே இருந்தது. வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவைத்தார். ஸ்டாஃப் ரூமில், சார் திருந்திவிட்டார் என்று பேச்சானது. பேச்சு பிள்ளைகளிடமும் போனது. அங்கே அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து கணக்குப் பரீட்சைக்கு மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. பி.டி. ரூம் வாசலில் பதினோரு பேர் காய்ச்சலோடு வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவன் எட்டாம் வகுப்பு நல்லகாமன். நாற்காலியில் உட்கார்ந்து, தலையைத் தொங்கப்போட்டு, முனகிக்கொண்டே தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தான். ஞானமுத்து ஜன்னல் பக்கம் திரும்பி, கிரவுண்டில் யாரையோ அதட்டிவிட்டு வந்தார். அந்த நேரத்துக்குள் பீப் சத்தம் வந்திருந்தது.

வாங்கிப் பார்த்தார். எண் இல்லை. ஒரே ஓர் இங்கிலீஷ் எழுத்து மட்டும் இருந்தது: ஹெச்.

"இது என்னாடா?"

"ஹெச்சுன்னா ஹை பீவர் சார்" என்றான் நல்லகாமன், செத்துப்போகிற குரலில்.

எஸ்தர் படித்துக் காட்டிய காகிதம் அவருக்கு ஞாபகம் வந்தது. நூற்றெட்டுக்கு மேலே போனால் அந்த எழுத்து வரும். மனித உடம்பு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வருவது அபூர்வம். தெர்மாமீட்டரை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். நுனியில் ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்காலிக்குக் கீழே, பாதி திறந்த ஹாட் டிபன் கேரியரிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

"நல்லகாமா."

"சார்?"

"ஒனக்குக் காய்ச்சல் தாளிச்சே வந்துருக்குடா."

வாசலில் வரிசை கலைகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தபோது பத்துப் பேரில் ஒருவன்கூட இல்லை. எல்லோரும் பரீட்சை ஹாலை நோக்கி ஸ்போர்ட்ஸ் டேயில்கூட அவர் பார்த்திராத வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். நல்லகாமன் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண் பளபளவென்று இருந்தது, உதட்டில் சாம்பார் எண்ணெய் மின்னியது, கால் ஓடத் தயாராகத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

ஞானமுத்து ரொம்ப நேரம் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு, காய்ச்சல் விட்ட பலவீனத்தில் விலா வலிக்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நல்லகாமனும் சந்தேகத்தோடு சேர்ந்து சிரித்தான்.

"சோப்புப் போட்டுக் கழுவி வச்சுட்டுப் பரீட்சைக்குப் போ" என்று தெர்மாமீட்டரை அவன் கையில் கொடுத்தார். "சாம்பார் வாசன போகணும். அடுத்து வர்றவன் நெசமாவே காய்ச்சலோட வருவான்."